கட்டைவிரல் அசையும்வரை

பேனா தேடி ஸ்கூல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பேனா வரவில்லை. ஆரஞ்சு நிறக் காதுப்பஞ்சு வந்து விழுந்தது. ஸ்கேன் சத்தம் கேட்காமலிருக்க உனக்குக் கொடுத்தது. "நீ பாடறப்ப பக்கத்து வீட்டுக்குக் குடு" என்று ஊர் திரும்பியதும் என் கையில் திணித்தாயே, அதேதான். நசுக்கினால் சுருங்கி, அவசரமே இல்லாமல் பழையபடி எழுகிறது. பார்க்கவே பேஜாராக இருக்கிறது.

உன் வலிப்பு மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் ஆபரேஷன் செய்து நிறுத்தலாம் என்றார்கள். சாதாரண ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை.

"ஒண்ணாங்கிளாஸ்லயே சொன்னேன்டி, உன் தலையில ஒண்ணும் இல்லன்னு."

"இருந்திருந்தா உன்கூட சேர்ந்திருப்பேனா?"

அப்புறம்தான் வெளியூர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் பெரிய காந்த ஸ்கேன் மெஷினைப் பற்றிச் சொன்னார்கள். அதில் படம் அவ்வளவு நுணுக்கமாக வருவதால், தலை துளி அசைந்தாலும் கலங்கிவிடுமாம். உனக்கோ சும்மா இருக்கவே வராது. இடுக்கில் படுக்கவும் பயம்.

அதனால்தான் ஒத்திகை. உங்க அப்பா காவல் காத்த, மூடிப்போன தோல் பதனிடும் ஷாப்பு. அதில் தோலைப் போட்டுச் சுற்றும் பழைய மர டிரம். கதவு கழன்ற ஓட்டை வழியாக உள்ளே படுத்து, காலை மட்டும் வெளியே நீட்டுவாய். சுண்ணாம்பு நாற்றம் குடலைப் பிடுங்கும். நான் வெளியே நின்று கட்டையால் டிரம்மைத் தட்டிக்கொண்டே ஜோக் சொல்வேன். சிரித்தால் முதலிலிருந்து. தாங்க முடியாவிட்டால் நீ கால் கட்டைவிரலை ஆட்டணும், நான் உடனே நிறுத்தணும். அதுதான் ஒப்பந்தம்.

முதலில் கணக்கு சார் மாதிரி மூக்கை உறிஞ்சினாலே டிரம் குலுங்கும். போகப்போக நீ கல்லாகிவிட்டாய்.

"செத்துட்டியாடி?"

"நான் உயிரோடதான் இருக்கேன். உன் ஜோக்குதான் செத்துடுச்சு."

ஸ்கேன் அன்று நீ அசையவே இல்லையாம். படமும் பளிச்சென்று வந்தது, காதை ஒட்டிய ஒரு பகுதியைத் தவிர. அங்கே மட்டும் இருட்டு. அத்தனை பலமான காந்தத்தில் படமெடுக்கும் ரேடியோ அலை தலைக்குள் சமமாகப் பரவாதாம், சில இடத்தில் நிழல் விழுந்துவிடுமாம். டாக்டர்கள் பார்க்க நினைத்ததும் அந்த இடத்தைத்தான். அடுத்த தடவை காதோரம் ஏதோ பை வைத்து, அலையை அங்கே திருப்பிப் பார்க்கலாம் என்றார்கள்.

"நான் ஆடலடி, மெஷின்தான் ஆடிடுச்சு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கையில் இருந்ததையெல்லாம் செய்துவிட்டோமே, இனி எதை ஒத்திகை பார்ப்பது?

அந்த அடுத்த தடவை வருவதற்குள், தூக்கத்திலேயே வலிப்பு வந்து, நீ போய்விட்டாய்.

உங்க வீட்டுக் கூடத்தில் உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். உங்க அத்தை துணியைக் கிழித்து, உன் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டப் போனார்.

"கட்டாதீங்க அத்தை. அப்புறம் எப்படி ஆட்டுவா?"

"இங்கயுமாடி உன் விளையாட்டு?" என்று யாரோ என்னை வெளியே இழுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் நான் விளையாடாமல் பேசினேன். ஒருத்தரும் நம்பவில்லை.

இப்போதும் அந்த ஷாப்பைத் தாண்டித்தான் டியூஷன். சுவரோரம் வந்ததும் சைக்கிளை மெதுவாக்கி, அன்றைய ஜோக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முக்கால்வாசி மொக்கைதான், எனக்கே தெரிகிறது. ஆனால் நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நீ. விரல் இன்னும் ஆடவில்லை.