பெட்டியில் வைத்த பிடிமண்

உசிலம்பட்டி, 1987 அக்டோபர், வெள்ளி

என் வீட்டுக்காரர் விடிந்ததும் பட்டாளத்தோடு இலங்கைக்குப் போகிறார். கொசுவலை, ஊறுகாய் எல்லாம் பெட்டியில் வைத்தாயிற்று. சாயங்காலம் மாமியார் குலசாமி கோயில் பிடிமண்ணை மஞ்சள் துணியில் முடிந்து அதில் வைத்தார். நான் எடுத்துவிட்டேன்.

"சாமி கூடத் தொணைக்குப் போகட்டும்டி," என்றார்.

"வேற ஊருல போய்க் குடியேறுறவுகதான அத்தே பிடிமண்ணு கொண்டுபோவாக? இவுக திரும்பி வரணும். திருநீறு போதும்."

"சாமிய வேணாங்குறியா?"

"மண்ணத்தான் வேணாங்குறேன்."

அந்த மண் அங்கேயே தங்கிவிட்டால், அப்புறம் அவர்... அதை எழுத மாட்டேன். கோயிலிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். மாமியார் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் கிடக்கட்டும். பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மறுபடி அள்ளி வந்தாலும், முதலில் என்னை இதிலிருந்து எழுப்பட்டும் பார்க்கலாம்.