திகதி மட்டும் மாற்றிய கடிதம்

14 ஆகஸ்ட், வியாழன்

என் தட்டச்சுக் கடைக் கணினியின் பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் நேற்று விண்டோஸ் ஏற்றினேன். டி டிரைவைப் பிரதி எடுத்தவன் டெஸ்க்டொப்பை மறந்துவிட்டேன். கடையின் முந்திய முதலாளி மல்லாவியிலிருந்து வரும் சரசக்காவுக்கு அடித்துக்கொடுத்த கடிதம் அதில்தான் இருந்தது. இராணுவ முகாமுக்குள் போன தன் காணியைக் கேட்டு சரசக்கா அதை வருடாவருடம் அரசாங்கக் கந்தோரில் கொடுப்பார்.

இன்று வந்தார். "திகதியை மாத்தித் தாங்கோ தம்பி."

"அது அழிஞ்சு போச்சு அக்கா."

"பறவாயில்லை, சொல்லுறன், அடியுங்கோ."

கிணறு, எட்டுத் தென்னை என்று சொல்லிவந்தவர், "கிணத்தடியில செத்துப்போன என்ர மூத்தவளைத் தாட்ட இடம்" என்றார். என் கை நின்றுவிட்டது.

"முந்தின கடிதத்திலயும் இருந்ததுதானே?" என்றார்.

ஏழு வருடமாக அதில் திகதி மட்டும் மாற்றிக்கொடுத்தேன். கந்தோரில் ஒருத்தரும் அதை வாசிப்பதில்லை என்று ஊரெல்லாம் திட்டியவனும் நான்தான்.