கைப்பைக்குள் ஒரு கேமரா

தொண்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு வளர்மதி எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கே அத்தை நன்றாக இருக்கிறார்கள். மழை பிடித்ததிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் அதிகம், தினமும் தைலம் தேய்த்துவிடுகிறேன். ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கழனியில் நடவு முடிந்தது. மோட்டார் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, ஆள் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் எங்க இருக்கே, பக்கத்துல யாரு, அது இன்னா சத்தம் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அவலூர்பேட்டை தங்கராஜ் அண்ணன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறார். உங்கள் ரூமிலேயே இருப்பவர்தானே என்று அவர் கையில் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை எல்லோருக்கும் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தனியாகப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் உங்கள் தம்பி விமல்ராஜ் வந்தான். நான் வேலைக்குக் கிளம்பி நிற்கிறேன். காபி கூடக் குடிக்கவில்லை, வந்ததும் வராததுமாக, அண்ணன் கேமரா கார்டை வாங்கியாரச் சொன்னாரு அண்ணி, பாத்துட்டுச் சாயங்காலம் குடுத்துடறேன் என்றான். இனி வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை கார்டை அவனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். அதில் இருப்பதையெல்லாம் அவன் பார்த்து உங்களுக்குச் சொல்வானாம். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். கொடுக்கவில்லை. கேமராவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். குடுத்துடேன் வளரு, சண்டை எதுக்கு என்று அத்தை பின்னாலேயே வாசல் வரை வந்தார்கள். சண்டைக்குத்தான் என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு மகன் கடல் தாண்டி இருக்கிறான் என்ற பயம்.

ரகசியமாகக் கேமரா வாங்கினாள் என்று நீங்கள் விமல்ராஜிடம் சொன்னீர்களாம். என்ன ரகசியம்? அத்தையிடம் காட்டிவிட்டுத்தான் பையில் வைத்தேன், அவர்கள் சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்திருக்கும். போனில்தான் கேமரா இருக்குதே, இது எதுக்கு என்று அத்தை கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

போன லீவில் வந்தபோது என் போனில் உங்கள் மெயிலைப் போட்டுவிட்டுப் போனீர்கள். போட்டோ அழியாமல் இருக்கும் என்றீர்கள், நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் எதை எடுத்தாலும் அடுத்த நிமிஷம் அது உங்களிடம் வந்து நிற்கிறது. அது போதாது என்று பஸ் ஏறினால் ஒன்று, செஞ்சியில் இறங்கினால் ஒன்று, உரக்கடையில் பில் போட உட்கார்ந்தால் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று என்று கேட்டு வாங்கினீர்கள். ஆசையில் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பவுடர் கூடப் போட்டுக்கொண்டு எடுத்தேன். எவ்வளவு பைத்தியக்காரி பாருங்கள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்.

அப்படி எடுத்து எடுத்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. அதுவும் உங்கள் புண்ணியம். தினமும் போனைத் தூக்கிப் பிடித்ததில், என் மூஞ்சியைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருப்பது தெரிந்தது. ரேஷன் கடை வாசலில் வரிசைக்கு இடம் பிடிக்க ஆளுக்குப் பதில் செருப்பை விட்டு வைத்திருந்தார்கள், அதை எடுத்தேன். பஸ் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்குகிற கண்டக்டரை எடுத்தேன். நாயும் செருப்பும் எடுத்து என் மெயிலை ரொப்பாதே, நீ எங்க இருக்கேன்னு தெரியற மாதிரி எடு என்று திட்டினீர்கள். அன்றைக்கு அழுதேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். டம்ளர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடை மேசை மேல் இரண்டு டீ டம்ளர் இருந்ததாம் என் போட்டோவில். ஒன்று உனக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்டீர்கள். ஹுசைன் பீ அம்மாவுக்கு என்றேன். நம்பவில்லை. உடனே முதலாளி கலியபெருமாளுக்கே போன் போட்டு, என் பொண்டாட்டி கூட யார் டீ குடிச்சது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது அப்படி. மூட்டை தூக்குகிறவர்கள், பூச்சி மருந்து வாங்க வந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள். அந்த டம்ளருக்கு மீசை இருந்ததா மாமா?

அதோடு விட்டீர்களா? அந்தம்மாவோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் நம்புகிறேன் என்றீர்கள். ஹுசைன் பீ யார் என்று உங்களுக்குத் தெரியாது. குத்தகைக்கு நிலம் பிடித்து மிளகாய் போட்டு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்த மனுஷி. எங்கள் கடைக்கு வந்தால் முதலாளியே எழுந்து நாற்காலி போடுவார். அவர்களிடம் போய், அம்மா ஒரு நிமிஷம் என் பக்கத்தில் நில்லுங்கள், என் வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். கேட்டேன் மாமா, என் வாயால் கேட்டேன். அவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உன் ஊட்டுக்காரருக்கு நான் எதுக்கும்மா மூஞ்ச காட்டணும், நான் இன்னா திருடிட்டா போனேன் என்றார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவில்லை, விதை உரம் எல்லாம் அவலூர்பேட்டையில் வாங்குகிறார்களாம்.

அந்த வாரம்தான் பஜாரில் அரங்கநாதன் சார் ஸ்டுடியோவுக்குப் போனேன். போன் இல்லாத, நெட் இல்லாத, வெறும் கேமரா ஒன்று வேண்டும், சாப்பாட்டு டப்பாவோடு பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக வேண்டும் என்றேன். அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் பழசு, இரண்டும் சோப்புக்கட்டி அளவுதான். ஒன்று பிலிம் போடுகிறது, இன்னொன்று கார்டு போடுகிற டிஜிட்டல். பிலிமில் முப்பத்தாறு படம்தான், எண்ணி எண்ணித்தான் எடுக்கணும், கழுவ மெட்ராஸுக்கு அனுப்பணும், வர நாளாகும் என்றார். டிஜிட்டல் என்றால் எடுத்த உடனே பின்பக்கத் திரையில் பார்த்துக்கொள்ளலாம், பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார்.

பிலிம் கேமராவை வெறுமனே அமுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் வந்தது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யாருக்கம்மா காட்டப்போறே என்று அரங்கநாதன் சார் கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அப்படின்னா பிலிமே நல்லது, கழுவற வரைக்கும் எடுத்த உனக்கே தெரியாது என்று சிரித்தார். எனக்கு அது அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. எனக்கே தெரியாது என்றால் மஸ்கட்டில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? யாரும் பெரிசு பண்ணிப் பார்க்க முடியாது. இதை எடுத்து வையுங்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் எந்தக் கேமரா நன்றாகப் படம் எடுக்கும் என்று பார்க்கவில்லை. எது உங்களுக்குத் தெரியாமல் எடுக்கும் என்று பார்த்திருக்கிறேன். எடுத்த படத்தை அங்கேயே பார்க்க வேண்டும், கை ஆடியிருந்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதை விட்டுவிட்டு உங்களுக்குப் பயந்து பிலிம் வாங்கினால் அந்தக் கேமராவையும் நீங்கள்தான் பொறுக்கிக் கொடுத்ததாக ஆகும். நான் என்ன தப்பா செய்கிறேன், ஒளித்து வைக்க? என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். மறுநாள் போய் டிஜிட்டலை வாங்கினேன். படத்தின் மூலையில் தேதியும் மணியும் விழும் என்று அரங்கநாதன் சார் சொன்னார். அதை மட்டும் நிறுத்தித் தரச் சொல்லிவிட்டேன். அது ஒளிக்க இல்லை. நான் என்ன ஆபீஸ் ரிஜிஸ்டரா?

சின்னதாக இருப்பது எவ்வளவு வசதி தெரியுமா? பஸ்ஸில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கேமரா. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிற ஆட்கள் தோளில் பெரிசு பெரிசாகக் கேமரா மாட்டிக்கொண்டு வருவார்களே, அவர்களைக் கண்டால் எல்லோரும் முடியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். என்னுடையதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன், தெரியாதவர்களுக்கு எடுத்த பிறகு படத்தைக் காட்டிவிட்டு, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். ஒருவரை நிற்க வைத்து எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஹுசைன் பீ அம்மா எனக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். உங்களுக்கும் அது தெரிய வேண்டும்.

கார்டில் ஒன்றும் இல்லை மாமா. விமல்ராஜ் பார்த்தால் ஏமாந்துபோவான். ஆனாலும் கொடுக்க மாட்டேன். ஒன்றும் இல்லாததைக் காட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் போதாதா என்று நான் கேட்கிறேன். நாலு வருஷமாக நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை லீவில் எங்கே போனீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று ஒரு நாள் நான் போட்டோ கேட்டிருக்கிறேனா? வெல்டிங் பொறி பட்டுக் கை புண்ணானதைக் கூட மறைத்துவிட்டீர்கள், தங்கராஜ் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் புண்ணைக் காட்டு என்று கேட்கவில்லை, மருந்து போட்டீர்களா என்றுதான் கேட்டேன்.

இனிமேல் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். என் போனிலிருந்து உங்கள் மெயிலை எடுத்துவிட்டேன். போட்டோ வராது. போன் பண்ணுங்கள், எப்போதும் போல எடுப்பேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். விமல்ராஜை அனுப்பாதீர்கள். முதலாளிக்குப் போன் போடாதீர்கள். இன்னொரு தடவை போட்டால் வேலையை விடமாட்டேன், இந்த வீட்டில்தான் இருக்க மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதுகிறேன், உண்மைதான். கோபம் தீர்ந்த பிறகும் இதையேதான் எழுதுவேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள். ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறும் சாப்பிடுங்கள். அங்காளம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். போன வாரமும் மலையனூர் போய் உங்கள் பேருக்குத்தான் அர்ச்சனை பண்ணினேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டியபோது எடுத்து, பிரிண்ட் போட்டது. டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்து என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்து. டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, பஸ்ஸுக்கு நேர் எதிரே மழையில் அசையாமல் நின்றது. எனக்கு இவர்கள் முகம்தான் வேண்டியிருந்தது, அதனால் கன்றுக்குட்டி படத்தில் விழவில்லை.

அங்கே கன்றுக்குட்டி நின்றது என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி கிடையாது. நான் சொல்கிறேன், அவ்வளவுதான். அதை நம்பிவிட்டு, படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் மாமா.

இப்படிக்கு,
உங்கள்
வளர்மதி.