குளுக்கோஸ் தண்ணீர்

8-7-91, திங்கள்

ஆனி முடியப் போகிறது, வெயில் மட்டும் கத்திரி வெயில். பள்ளிக்குக் கிளம்புவதற்குள் நான்கு சொம்பு தண்ணீர். தாகம் போகவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தினேன்.

அம்மா: "படிச்சுப் படிச்சு எலும்பாயிட்டே. இந்தா, தெம்பு வரும்." குளுக்கோஸ் பவுடர் மூன்று ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர். காலை ஒன்று, மாலை ஒன்று. ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து.

இதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். தங்கை தூங்கிவிட்டாள்.

9-7-91, செவ்வாய்

விலங்கியல். செல். சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ் இரத்தத்தில் ஓடுமாம். இன்சுலின் கதவைத் திறந்தால்தான் செல்லுக்குள் போய் எரிந்து சக்தியாகும்.

எழுந்து கேட்டேன். "கதவு திறக்கலன்னா, டீச்சர்?"

"ரத்தம் பூரா சாப்பாடு ஓடும், செல்லு பட்டினி கெடக்கும். மிச்சம் சிறுநீர்ல போயிடும். ஒடம்பு தன் கொழுப்பையே தின்னும், ஆளு மெலிஞ்சிடும், முத்திட்டா மூச்சுல பழ வாசன அடிக்கும். அதான் சர்க்கரை வியாதி. உட்காரு."

இடுப்பு ஊக்கைத் தொட்டுப் பார்த்தேன். பாடி ஏரியாவிலிருந்து பஸ்ஸில் வரும் தோழி மல்லிகா பக்கத்தில். "இன்னாடி, பேய பாத்த மாரி கீறே?"

10-7-91, புதன்

கழிப்பறையில் எறும்பு வரிசை. நான் போய் வந்த இடத்தில். இரண்டு வாளி ஊற்றினேன். அம்மா கத்தினாள்: "குவார்ட்டர்ஸ்ல தண்ணி ஒரு மணி நேரந்தான் வருது, இப்படிக் கொட்டுறியே!"

எதிர் பிளாக் அத்தைக்குச் சர்க்கரை. முதலில் கால் விரல் எடுத்தார்கள், பிறகு பாதம். அவருக்கு ஐம்பது வயது. எனக்குப் பதினைந்து.

பயம்: தினமும் ஊசி. கண். கால். "இவள யாரு கட்டுவா" என்ற பேச்சு. எல்லாவற்றையும்விட, அம்மாவிடம் சொல்வது.

மாலை டம்ளரைக் கொட்டிவிடப் பார்த்தேன். அம்மா எதிரிலேயே நின்றாள். குடித்துவிட்டேன்.

12-7-91, வெள்ளி

ஆய்வகம். பெனடிக்ட் கரைசல், நீல நிறம். சர்க்கரை இருந்தால் சூட்டில் நிறம் மாறும். எல்லோருக்கும் தண்ணீர் நிறையக் கலந்த திராட்சைச் சாறு. நான் மருந்துப் புட்டியில் என் சிறுநீரைக் கொண்டு போயிருந்தேன். எட்டுச் சொட்டு. கொதிநீரில் வைத்தேன்.

பச்சை. மஞ்சள். பிறகு செங்கல் நிறம்.

மல்லிகா எட்டிப் பார்த்தாள். "ஐயே, உன்து மட்டும் இன்னாடி இவ்ளோ செவப்பு? சக்கர மூட்டையே கொட்னியா?"

சிரித்தேன். குழாயை மூன்று தடவை கழுவினேன். ரெக்கார்டில் எழுதியது: திராட்சைச் சாறு, சர்க்கரை உள்ளது.

13-7-91, சனி

விடிந்ததிலிருந்து வாந்தி. மூச்சு வாங்குகிறது. தங்கை கிட்டே வந்து முகர்ந்தாள். "அக்கா, வாயில பழ வாசன வருது. எனக்குக் குடுக்காம இன்னா துன்னே?" ஒன்றும் தின்னவில்லை.

அம்மா டம்ளரோடு வந்தாள். "வாந்திக்கு இதான் நல்லது, குடி."

சொல்லிவிட்டேன். செல், கதவு, எறும்பு, செங்கல் நிறம், எல்லாம். அப்பா சட்டையை மாட்டியபடி ஆட்டோ பிடிக்க ஓடினார். பையில் துண்டும் மாற்றுத் துணியும் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கேட்டது ஒன்றுதான்.

"ஜூன்லேர்ந்து எத்தன டம்ளர்டி குடுத்தேன் நான்?"

எண்ணவில்லை என்றேன்.

ஆட்டோ சத்தம்