பாவு நாளின் வயிற்றுவலி

தை மாதம், வியாழன் இரவு

இன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஆஸ்பத்திரிக்கு வந்த ருக்குவின் தலையில் பூ கசங்கவே இல்லை. அதைக் கவனித்தும் நான் பேசாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

நர்சம்மா அவளை நம்பவில்லை. "தெருவுல தறிக்குப் பாவு விரிச்சு நூலுக்குக் கஞ்சி போடற நாளானா, இந்த ஊர் மருமகளுகளுக்கெல்லாம் வயிறு வலிக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்க்கும் நான் ஒருநாளும் அவர் முன்னால் வாய் திறந்ததில்லை. இன்று திறந்தேன்.

"இவ பொய் சொல்ல மாட்டாளுங்க."

என் பேச்சுக்காகவே, காலியாக இருந்த ஒரே கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்.

சற்று நேரத்தில், காலில் கொதிகஞ்சி கொட்டிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். குழந்தையைத் தரையில்தான் படுக்க வைத்தோம். அது அலறிக்கொண்டே இருந்தது.

நான் ருக்குவிடம் போய், "இப்ப வலி எப்படி இருக்குது?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"வலியாவது! வெயில்ல நின்னு இழை பிரிக்கறதுக்கு இந்தக் கட்டில் தேவல. நீ இருக்கறேன்னுதான் புள்ள தைரியமா வந்தேன்."

நர்சம்மா பார்த்துக்கொண்டிருக்க, ருக்குவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். விரிப்பை மாற்றினேன். குழந்தையைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினேன்.