நாகர்கோவில் இல்லை, யாழ்ப்பாணம்

2012 ஜூலை, ஞாயிறு இரவு

படப்பையில் பார்த்த வீடு கை நழுவிவிட்டது. அறைத்தோழி செல்வி என்னோடு பேசவில்லை. அவளுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, எனக்குத் தண்டலத்தில் படிப்பு. விடுதியை விட்டு ஒன்றாக வெளியேறுவதாக இருந்தோம்.

போகும்போதே செல்வி சொன்னாள். "ஊரு கேட்டா நாகர்கோவில்னு சொல்லிரு. உன் பேச்சுக்குப் பொருந்தும்."

வீட்டுக்கார அம்மாவுக்கு எங்களைப் பிடித்திருந்தது. தண்ணீர் வரும் நேரத்தைக்கூடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னாமா, மலையாளமா? பேச்சு ஒரு மாதிரி கீதே?"

"இல்லை அன்ரி, யாழ்ப்பாணம்."

முகம் மாறிவிட்டது. "சிலோனா? போலீசு அது இதுன்னு வந்து நிப்பாங்கமா. வேற வூடு பாத்துக்கோ."

"விசா இருக்கு. ஸ்டேஷனில பதிஞ்சும் இருக்கிறன். வந்து கேளுங்கோ," என்றேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

ஷேர் ஆட்டோவில் செல்வி வெடித்தாள். "ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போவ, ஏட்டி?"

குறைந்துதான் போவேன். அந்த வீட்டில் அம்மாவோடு போனில் பேசக்கூடக் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கும். ஊரை விட்டு எத்தனையோ முறை ஓடியிருக்கிறோம். அதன் பெயரையும் விட்டுவிட்டு ஓட மாட்டேன்.

அடுத்த ஞாயிறு பென்னலூரில் ஒரு வீடு பார்க்க வேண்டும். அங்கேயும் கேட்பார்கள். கேட்கட்டும்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த செல்வி இப்போதுதான் வாய் திறந்தாள்.

"அங்க நானே சொல்லுதேன், யாழ்ப்பாணம்னு. நீ ரொம்ப மெதுவா சொல்லுத."