மூன்று முறை என்று போட்ட கையெழுத்து

காரிமங்கலம்,
12-3-86, புதன் இரவு.

அன்புள்ள உங்களுக்கு வஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னியுங்கள். மணி பன்னிரண்டே முக்கால். ஹாஜிரா இப்போதுதான் கண் மூடினாள். தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பகலில் பேனாவைத் தொட முடிவதில்லை. தொட்டால் அவள் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள்.

அவளுக்குக் காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டது. தொண்டைப் புண்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தில் பாதி வயிற்றுக்கும் பாதி என் புடவைக்கும் போகிறது. அத்தா மட்டும் கடைக்கு மோட்டார் காயில் கட்டக் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம், "பிள்ளை ரெண்டு தும்மல் போட்டதுக்கு பெங்களூருக்குத் தந்தி அடிச்ச பொம்பளை இந்த ஜில்லாவுலயே எம் பொண்ணு ஒருத்திதாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நூற்று மூன்று டிகிரி ஏறியபோது அவர் சிரிக்கவில்லை.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒன்பது பக்கம்! கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியதே இல்லை. பிசிக்ஸ் படித்தவளிடம் தொழிலைப் பற்றிப் பேசமாட்டீர்களா என்று நான் குறைப்பட்டதற்காகப் படம் எல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் விமான எஞ்சினைப் பற்றி எனக்குப் புரிந்தது சரியா என்று பாருங்கள்.

முன்னால் இழுக்கிற காற்றை அமுக்கி, அதில் எரிபொருளைத் தெளித்து எரிக்கிறீர்கள். அந்தச் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதன் பலமெல்லாம் காற்றை அமுக்குவதற்கே சரியாகிவிடுகிறது. மிச்ச வாயு பின்னால் இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது நிமிடத்துக்கு முப்பதாயிரத்துக்கும் மேல் சுற்றுவதைப் பல்சக்கரங்கள் இரண்டாயிரமாகக் குறைத்துப் புரொப்பெல்லருக்குத் தருகின்றன. இரண்டு சக்கரங்களையும் சேர்க்கிற தண்டு எதுவும் கிடையாது, நடுவில் வெறும் வாயுதான். இதை அத்தாவிடம் சொன்னேன். "தண்டு இல்லாம எப்படிம்மா சுத்தும், ஜின்னு வந்து சுத்துதா?" என்றார். ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். மற்றதும் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, காலேஜுக்கு அனுப்புனது வீணாப் போவலை" என்று எழுந்து போய்விட்டார்.

புரொப்பெல்லரும் புரிந்தது. ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் காற்றுக்கு நேராகக் காட்டினால் கையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கத்தி மாதிரி விளிம்பைக் காட்டினால் காற்று தெரிவதே இல்லை. மேலே எஞ்சின் நின்றுபோனால் பிளேடுகள் அப்படி விளிம்பைக் காட்டித் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் விமானத்தையே காற்று பின்னுக்குப் பிடித்து நிறுத்தும், நல்லபடியாக மிதந்து இறங்க முடியாது. எண்ணெயின் அழுத்தம் பிளேடுகளை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்திருக்கிறது, எண்ணெய் வடிந்ததும் ஸ்பிரிங்கு அவற்றை விளிம்புக்குத் திருப்பிவிடுகிறது. இவ்வளவுதானே?

இதுவரை சந்தோஷமாகத்தான் படித்தேன். ஏழாம் பக்கத்துக்கு வந்த பிறகு மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் தந்தி அடித்த அந்தச் சனிக்கிழமை, பிளேடு திரும்புகிற சோதனையை மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது, ஒரே முறைதான் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு முறையும் கொஞ்சம் மெதுவாகத்தான் திரும்பியது, எண்ணெய் ஆறிக் கெட்டியாகியிருக்கும், மூன்று முறை சரி என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்காக எப்படி ஓடி வந்தேன் பார் என்று நான் தெரிந்துகொள்ளத்தான் எழுதினீர்கள். தெரிந்துகொண்டேன். இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு வந்து, கை கழுவிவிட்டு முதலில் அவளைத்தான் தூக்கினீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் எண்ணெய் எப்படி ஆறியிருக்கும்? சோதனைக்கு முன்னால் எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டோம் என்று ஆறாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மார்ச் மாதத்து மூன்று மணி வெயில் வேறு. எண்ணெய் தண்ணீராக ஓடியிருக்க வேண்டும், பிளேடு சட்டென்று திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் எண்ணெய் வடிகிற வழியில் ஏதோ தடுக்கிறது, அல்லது உள்ளே ஏதோ இறுகியிருக்கிறது. நான் புத்தகத்தில் படித்தவள்தான், ஸ்பானர் பிடித்ததில்லை. நான் சொல்வது தப்பாக இருந்தால் திட்டுங்கள். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் துஆ செய்கிறேன்.

கடைசிப் பக்கத்தில், வருகிற திங்கட்கிழமை பைலட் இன்னாசி சார் அந்த விமானத்தில் மேலே போய், வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்திப் பார்க்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் பார்த்ததில்லை. பக்ரீதுக்கு நான் கொடுத்தனுப்பிய சோமாஸைத் தின்றுவிட்டு, "பாஷா, அடுத்த தடவ வூட்டுக்குப் போனா டப்பா இல்லாம வராதீங்க, கேட்லயே நிறுத்திடுவேன்" என்று பைலட் ஒருவர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவர்தானே இவர்? உங்கள் கையெழுத்தை நம்பித்தான் அவர் அந்த எஞ்சினை நிறுத்துவார்.

முனிராஜ் ஃபோர்மேனை நினைத்தால் எனக்கும் பயம்தான். சின்னத் தப்புக்கே, "ஊருக்குப் போயி புளி உலுக்கப்பா, இந்த வேலை உனக்கு எதுக்கு" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறவர். அடுத்த மாதம் உங்களை நிரந்தரமாக்க வேண்டியவரும் அவர்தான். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் போட ஜன்னல் துணிகூடத் தைத்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் ஒரு அறையில் பிள்ளையோடு முடங்கிக் கிடந்து எனக்கும் சலித்துவிட்டது. வேலை போனால் இங்கேயே கிடக்க வேண்டும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். சொல்லிவிடுங்கள். பொய்க் கையெழுத்து என்று கத்தட்டும், சம்பளத்தைப் பிடிக்கட்டும், வேண்டுமானால் வீட்டுக்கே அனுப்பட்டும். விமானத்தை மட்டும் நிறுத்தி வைத்து, மறுபடி சோதித்துப் பார்க்கட்டும்.

தந்தி அடித்தவள் நான். நான் அடிக்காமல் இருந்திருந்தால் நீங்கள் அந்தத் தாளில் அப்படிப் போட்டிருக்கமாட்டீர்கள். பாதிக் குற்றம் என்னுடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி நினைத்தால் போய்ச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

இதற்கும் தந்தி அடித்திருப்பேன். தபாலாபீஸில் விஷயம் வெளியே தெரிந்தால் உங்களுக்குக் கேவலம். அதனால் விடியற்காலை பெங்களூர் பஸ் கண்டக்டர் பச்சியப்பன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். "கேட்ல நின்னு அவரு கையிலயே குடுத்துட்டு வர்றேன் கண்ணு, நீ போயித் தூங்கு" என்று சாயங்காலமே சொல்லிவிட்டார். எங்கே தூங்குவது.

அல்லாஹ் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுப்பானாக. இன்னாசி சாரைப் பத்திரமாக வைப்பானாக.

பச்சியப்பன் அண்ணன் சனிக்கிழமை திரும்ப வருவார். ஒன்பது பக்கம் வேண்டாம். முனிராஜிடம் சொல்லிவிட்டீர்களா இல்லையா, அது ஒன்றை மட்டும் எழுதி அவர் கையில் கொடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
வஹிதா